சுவார்ட்ஸ் ஐயரின் நினைவுக்கல்லும் தஞ்சை அரண்மனையின் மறுமனையாட்டிகளும்: ஒரு திறனாய்வு

தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையில், குளத்தருகே 1779-இல் எழுந்த ஆலயத்தினுள் சலவைக்கல்லாலான ஒரு புடைப்புச் சிற்பம் உண்டு. இரண்டாம் சரபோசி மன்னர் தம் ஆசானாகிய சுவார்ட்ஸ் ஐயரின் நினைவாக இலண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்தது. 1798 பிப்ரவரி 13-இல் மறைந்த அந்த அருட்தொண்டர் அதில் மரணப் படுக்கையிற் கிடக்கிறார். இளைஞரான சரபோசி அவருடைய கரத்தைப் பற்றி நிற்கிறார். தலைமாட்டில் கெரிக்கே ஐயர். அரசரின் பின்னே பணியாளர் இருவர். கட்டிலின் ஓரத்தில் பள்ளிச் சிறுவர் மூவர். இறையியல் மாணவரைத் தஞ்சைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவரும் இக்கல்லின் முன் நின்று ஒரு சிறு பிரசங்கம் செய்யாமல் திரும்புவதில்லை. யானும் பலமுறை செய்திருக்கிறேன்.

அல்லிநகரத்திலிருந்து ஒரு வகுப்பினரை அழைத்துச் சென்றபோது, மாணவி ஒருத்தி, "ஐயா, இதில் ஒரு பெண்கூட இல்லையே?" என்று கேட்டாள். மரணப்படுக்கை ஆகையால் அப்படியிருக்கும் என்று ஏதோ விடை கூறிச் சமாளித்தேன். விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அந்தக் கல் சொல்லும் கதையையும், அதை நாம் சொல்லும் விதத்தையும் மறுபடியும் ஆராய வேண்டியதாயிற்று. அதன் பயனே இக்கட்டுரை.

நாம் சொல்லும் கதை இது. தஞ்சை மன்னர் துளசா ஆண்மகவின்றி 1787-இல் மரணத் தறுவாயிலிருந்தார். பத்து வயது நிரம்பாத சரபோசியைத் தத்தெடுத்து, அப்பிள்ளையைச் சுவார்ட்ஸ் ஐயரின் கையில் ஒப்புவித்தார். அரசியற் பொறுப்பு தமக்குத் தகாது என்று கருதிய ஐயர், மன்னரின் உடன்பிறந்தாரான அமர்சிங்கைப் பாதுகாவலராக வைக்கும்படி யோசனை கூறினார். அமர்சிங்கோ அரியணையைத் தாமே கைப்பற்றிப் பிள்ளையைச் சிறைபோல் அடைத்து வைத்தார். ஐயர் கும்பெனியாரிடம் இடைவிடாது மன்றாடினார். 1793-இல் பிள்ளையும் துளசாவின் விதவைகளும் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1798-இல், ஐயர் மறைந்த சில மாதங்களில், உரியவருக்கு உரிய அரியணை கிடைத்தது. நீதி வென்றது, அருட்தொண்டரின் உண்மை வென்றது.

இக்கதையில் பொய் இல்லை. ஆனால் "உரியவர்" என்ற சொல்லை நாம் ஆராயாமல் விட்டுவிடுகிறோம். அமர்சிங் உரியவரல்லர் என்பதற்கு நம்மவர் எழுத்துகளில் இருவகைக் காரணங்கள் கலந்து வருவதைக் காணலாம். ஒன்று, தத்துப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறினார் என்பது. இது நியாயமான குற்றச்சாட்டு. மற்றது, அவர் பிரதாபசிங்கின் பட்டத்தரசி வயிற்றிற் பிறந்தவரல்லர் என்பது. இரண்டாவது காரணம் முதலாவதின் நிழலில் ஒதுங்கி, யாரும் கேள்வி கேளாமலே நம் பிரசங்கங்களுக்குள் நுழைந்துவிட்டது.

தஞ்சை மராட்டிய அரண்மனையில் கத்திக் கலியாணம் என்றொரு வழக்கம் இருந்தது. அரசர் நேரில் வாரார். அவருடைய வாள் வரும். அதன் முன்னிலையில் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும். இவ்வாறு அரண்மனைக்குள் வந்தவள் மனைவியா, அல்லளா? பிள்ளை பிறந்தால் அது இளவரசனா, அல்லனா? இக்கேள்விக்கு அந்த அரண்மனை ஒருகாலும் ஒரே விடை சொன்னதில்லை என்பதுதான் இங்கே நாம் உற்றுநோக்க வேண்டியது.

அமர்சிங்கின் தந்தையாகிய பிரதாபசிங்கே துக்கோசி மன்னருக்கு இவ்வகை மணத்தாற் பிறந்தவர் என்று கூறுவர். அவர் 1739-இல் அரியணை ஏறினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆண்டார். அவருடைய பிறப்பைக் குறித்த பேச்சு எப்போது எழுந்தது என்று பாருங்கள். 1749-இல் சாகுசி என்னும் உரிமைக்காரர் ஒருவர் கும்பெனியாரிடம் சென்று, தாமே முறையான வாரிசு என்றார். கும்பெனியார் உடனே மனமிரங்கினர், படை புறப்பட்டது. கொள்ளிடம் கடலொடு கலக்கும் இடத்திலிருந்த தேவிக்கோட்டை பிடிபட்டது. இராபர்ட் கிளைவ் இளம் அதிகாரியாக இருந்து பெயர் பெற்ற போர்களில் அதுவும் ஒன்று. கோட்டை கைக்கு வந்ததும், பிரதாபசிங் அதை விட்டுக்கொடுக்க இசைந்ததும், அவருடைய பிறப்பிலிருந்த குறை மறைந்துபோயிற்று! முறையான வாரிசு என்று கொண்டாடப்பட்ட சாகுசிக்கு ஒரு படித்தொகை ஏற்பாடாயிற்று. ஒரு துறைமுகம் கிடைத்த நாளில் ஒரு மனிதனின் தாய் முறையான மனைவியாகிவிடுகிறாள் என்றால், அந்த "முறை" எத்தகையது என்று நாம் கேட்கவேண்டாமா?

1787-இலும் இதுவே நடந்தது. கும்பெனியார் பண்டிதர்களைக் கூட்டிக் கேட்டனர். சரபோசி தன் தகப்பனுக்கு ஒரே மகன், ஆகவே தத்து செல்லாது என்பது முதலான விடைகள் வந்தன, அமர்சிங் அரசரானார். சில ஆண்டுகள் கழித்து வேறு பண்டிதரைக் கேட்டனர். தத்து செல்லும் என்று விடை வந்தது, சரபோசி அரசரானார். அடுத்த ஆண்டே, 1799 அக்டோபரில், நாட்டின் ஆட்சி முழுவதையும் அவர் கும்பெனியாருக்கு எழுதிக்கொடுத்துக் கோட்டையையும் சுற்றுப்புறத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார். சாஸ்திரம் ஒன்றே, தேவை இரண்டாக இருந்தது. சுவார்ட்ஸ் ஐயர் இதையெல்லாம் எண்ணிச் செயற்பட்டார் என்று யான் கூறவில்லை. மரிக்கிற தகப்பனுக்குக் கொடுத்த வாக்கையும், அடைபட்ட அறையிலிருந்த பிள்ளையையும் அவர் கண்டார். அவருடைய கண்ணுக்கு முன் இருந்தது அவ்வளவே. பின்னால் வந்து கதை எழுதிய நாம்தாம் அரண்மனையின் அளவுகோலையும் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

இது தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. இடைக்கால ஐரோப்பாவின் கிறிஸ்தவ அரண்மனைகளிலும் இதே நாடகம் நடந்தது. அங்கே பண்டிதரின் இடத்தில் போப்பும் பாராளுமன்றமும் இருந்தன என்பதே வேறுபாடு. நார்மண்டிப் பிரபு வில்லியம், தோல் பதனிடுவோன் ஒருவனின் மகளுக்கு மணமின்றிப் பிறந்தவர் என்பர். அலன்சோன் நகரத்தார் மதில்மேல் தோலைத் தொங்கவிட்டு அடித்து அவரைக் கேலி செய்தனராம். நகரைப் பிடித்தபின் அவர்களுடைய கைகால்களை அவர் துண்டித்தார் என்று பழைய வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். 1066-க்குப்பின் எவரும் தோலை அடிக்கவில்லை. வேறொரு செய்தி இன்னும் துலக்கமானது. லங்காஸ்டர் பிரபு ஜான் தம் காதற்கிழத்தி காத்தரீன் சுவின்ஃபோர்டை 1396-இல் மணந்தார்; அவர்களுக்கு முன்பே பிறந்திருந்த போஃபோர்ட் பிள்ளைகளைப் போப்பும், 1397-இல் பாராளுமன்றமும் முறையான மக்கள் என்று அறிவித்தனர். பத்தாண்டு கழித்து 1407-இல் நான்காம் ஹென்றி அந்தப் பத்திரத்தில் அரசபதவி நீங்கலாக என்று பொருள்படும் சில சொற்களைச் செருகினார். அந்தப் பிள்ளைகள் அவருக்கே ஒரு தகப்பன் மக்கள்! ஆயினும் 1485-இல் அந்த வழியில் வந்த ஏழாம் ஹென்றி போர்க்களத்தில் முடியை எடுத்துக்கொண்டார்; செருகப்பட்ட சொற்கள் காகிதத்தில் கிடந்தன.

மீண்டும் தஞ்சைக்கு வருவோம். முறையான வாரிசாக அரியணையேறிய சரபோசியின் இளமையில் முக்தாம்பாள் என்றொரு பெண் இருந்தாள். முறைப்படி மணந்த அரசியரின் வரிசையில் அவள் இல்லை. அவள் மறைந்தபின் அவள் பெயராலேயே ஒரத்தநாட்டில் மன்னர் பெரியதொரு சத்திரம் எழுப்பினார். வழிப்போக்கருக்கு உணவும், நோயாளிக்கு மருந்தும், பிள்ளைகளுக்குக் கல்வியும் அங்கே கிடைத்தன. 1801-இல் சத்திரங்களைக் கும்பெனியார் எடுத்துக்கொள்ளாதிருக்கும்படி மன்னர் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், வழியிற் பிரசவிக்கும் பெண்களுக்குச் சத்திரங்களில் நடைபெறும் பராமரிப்பையும் எடுத்துக் கூறுகிறார். நம் மாணவர் சிவகங்கைக் கோட்டையிலுள்ள கல்லைப் பார்க்கின்றனர். அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள ஒரத்தநாட்டுக்குப் போவதில்லை. இரண்டும் ஒரே மன்னர் தாம் அன்புகூர்ந்த இருவருக்கு எழுப்பிய நினைவுகள். ஒன்று நம் திருச்சபை வரலாற்றின் பாடநூலில் ஏறியது, மற்றது ஏறவில்லை. சரபோசி கிறிஸ்தவராகவில்லையே என்று வருந்தி எழுதியவர் பலர். அவர் யாரை எவ்விதம் நேசித்தார், யாருடைய பெயரைக் கல்லில் வெட்டத் துணிந்தார் என்று கேட்டவர் குறைவு.

அப்பெண்களுக்கென்றே இல்லங்கள் இருந்தன. திருவையாற்றில் கலியாண மகால். சரபோசியின் மகன் சிவாசியின் காலத்தில் தஞ்சையில் மங்கள விலாசம். 1855 அக்டோபரில் சிவாசி மன்னர் மறைந்தபோது ஆண்வாரிசு இல்லை என்று கூறிக் கும்பெனியார் எஞ்சியிருந்ததையும் எடுத்துக்கொண்டனர். மூத்த அரசி காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். 1859-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட இயலாது என்று கூறிவிட்டது. ஆண்வாரிசு இல்லை என்ற சொல்லுக்குள்ளே கத்திக் கலியாணத்தாற் பிறந்த மக்கள் இல்லாதவராக எண்ணப்பட்டிருந்தனர் என்பதைக் கவனிக்கவேண்டும். பிரதாபசிங்கின் காலத்தில் அரியணைக்குப் போதுமானதாயிருந்த பிறப்பு, சிவாசியின் காலத்தில் போதாததாயிற்று. 1920-களில் அரண்மனைச் சொத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் இந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. வாளுக்கு மணமானவள் மனைவியா, மறுமனையாட்டியா? தஞ்சை மன்னர் குலம் சத்திரியரா, சூத்திரரா? அன்றைய இந்துச் சட்டப்படி சூத்திரரின் மணவழிப் பிறவாத மகனுக்கே சொத்தில் உரிமை இருந்தமையால், மன்னரின் சாதி எது என்று நீதிபதிகள் ஆராய வேண்டியதாயிற்று. பிள்ளை யார் என்று தீர்மானிக்கத் தகப்பனின் வருணத்தை அளந்தனர். தாயை யாரும் அளக்கவில்லை; அவள் கணக்கிலேயே இல்லை.

அரண்மனையைப் பழிப்பது எளிது. நம் வீட்டுக்குள் வருவோம். இடைக்காலத் திருச்சபைச் சட்டத்தில் பிறப்பின் குறை என்றே ஒரு தடை இருந்தது. மணவழிப் பிறவாதவன் விதிவிலக்குப் பெறாமல் குருப்பட்டம் பெறலாகாது. அரசன் மகனானால் விதிவிலக்கு விரைந்து வந்தது. பேராயர் ஆசனத்திலும் அமர்ந்தான். நாம் போற்றும் எராஸ்மஸ் ஒரு குருவானவரின் மகன். 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, லூத்தரின் மொழிபெயர்ப்புக்கு வழி வகுத்த அப்பெருமகனார், தம் பிறப்பின் குறைக்காகப் போப் பத்தாம் லியோவிடமிருந்து விதிவிலக்குப் பெற்றது 1517-இல். சீர்திருத்தம் தொடங்கிய ஆண்டு அது.

சரி, இதெல்லாம் ரோமச் சபையின் காரியம் என்று நம்மவர் கூறுவர். அப்படியானால் கிளாரிந்தாவின் வரலாற்றுக்கு என் சொல்வோம்? தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த அந்தப் பிராமண விதவையை உடன்கட்டையிலிருந்து காத்தவர் லிட்டில்டன் என்னும் ஆங்கில அதிகாரி என்று பாரம்பரியம் கூறும். அவரோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தாள், அவரிடமே நற்செய்தியைக் கற்றாள், ஞானஸ்நானம் கேட்டாள். மணமின்றி வாழ்கிறாள் என்பதால் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகே, 1778-இல், அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் நாற்பது பேர் கொண்டு எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் அவள் பெயர் முதன்மை பெற்றது. அவள் கட்டிய ஆலயத்தை 1785-இல் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். மக்கள் இன்றும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கின்றனர். அ. மாதவையா 1915-இல் அவளை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலும் எழுதினார்.

ஐயர் மறுத்தது சபை ஒழுங்கின்படி சரியே என்று நாம் கற்பிக்கிறோம். இருக்கட்டும். ஆனால் அந்த உறவில் இருவர் இருந்தனர். ஞானஸ்நானம் பெற்றிருந்தவர் அவர், பெறாதிருந்தவள் அவள். மணம் முடிக்கும் ஆற்றலும் பதவியும் அவரிடமே இருந்தன. எனினும் அவரிடம் சபை என்ன கேட்டது என்பதை நான் கேட்ட பிரசங்கம் ஒன்றிலும் கேட்டதில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவள் அவளே. ஆசான் என்ற முறையிலும் ஆயர் என்ற முறையிலும் சுவார்ட்ஸ் ஐயரை நான் மதிக்கிறேன். ஆனால் தஞ்சைச் சிற்பத்தில் ஒரு பெண் இல்லாமைக்கும் பாளையங்கோட்டையில் ஒரு பெண் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தமைக்கும் தொடர்பில்லை என்று என்னால் இனிமேல் கூற இயலாது.

திருமறை இவ்விடத்தில் நமக்குத் தரும் வாசிப்பு வேறு. சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளை எண்ணிப் பாருங்கள். முதலில் அவள் அப்னேருக்கும் இஸ்போசேத்துக்கும் இடையே எழுந்த சச்சரவின் பொருளாக மட்டும் வருகிறாள். அரசனின் பெண்ணைத் தொட்டவன் அரியணையைத் தொட்டவன் என்பது அக்கால அரசியல். பின்பு பஞ்சம் தீரவேண்டுமென்று தாவீது சவுலின் வழியினர் எழுவரைக் கிபியோனியரிடம் ஒப்புவித்தபோது, அவளுடைய இரு மக்களும் அதில் அடங்கினர். அரியணைக்கு ஆகாத பிள்ளைகள் கழுமரத்திற்கு ஆனார்கள்! வாற்கோதுமை அறுப்பின் தொடக்கமுதல் மழை பெய்யும்வரை அவள் இரட்டைப் பாறைமேல் விரித்துப் பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் விரட்டினாள். ஒரு சொல்லும் பேசவில்லை. அதைக் கேட்ட பிறகே தாவீது எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்தான். அதற்குப் பின்னரே தேவன் நாட்டுக்காக வேண்டுதல் கேட்டார் என்று நூலாசிரியர் எழுதுகிறார். பிள்ளைகளைக் கொன்றவுடன் அன்று. ஒரு மறுமனையாட்டியின் துக்கத்திற்கு அரசன் செவிகொடுத்த பின்னர். இந்த வரிசையை நம் விளக்கவுரைகள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை.

யெப்தாவின் கதையும் நமக்குத் தெரியும். தகப்பன் வீட்டில் பங்கில்லையென்று துரத்தியவர்களே போர் வந்ததும் அவனைத் தேடிப் போயினர். தேவிக்கோட்டைக் கணக்குதான் அதுவும். உபாகமம் 23-ஆம் அதிகாரம் முறையற்ற பிறப்புடையோனைப் பத்தாம் தலைமுறைவரை சபைக்குப் புறம்பாக்குகிறது. இதை மேற்கோள் காட்டும் மூப்பர்கள் ரூத்தின் புத்தகத்தினுடைய கடைசி வசனங்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். யூதாவுக்கும் அவன் மருமகள் தாமாருக்கும் பிறந்த பேரேசிலிருந்து தலைமுறைகளை எண்ணினால், பத்தாவதாக நிற்பவன் தாவீது. மத்தேயு அந்தத் தாமாரின் பெயரை ஆண்டவருடைய வம்ச அட்டவணையிலேயே எழுதுகிறார். சாலொமோனின் தாயைக் கூறும்போதோ, அவள் உரியாவுக்கு மனைவியாயிருந்தவள் என்பதை மறைக்காமல் எழுதுகிறார். அரண்மனைப் புலவர் ஒருவர் அதை எழுதியிருக்க மாட்டார்.

இனி என் சொந்தக் குறையொன்றைக் கூறவேண்டும். பல ஆண்டுகளுக்குமுன் இப்பள்ளத்தாக்கின் சபையொன்றில் நான் ஆயராக இருந்தேன். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்த பெண்ணொருத்தி கைக்குழந்தையோடு வந்து ஞானஸ்நானம் கேட்டாள். கொடுத்தேன், அந்த அளவில் நான் சுவார்ட்ஸ் ஐயரைவிடத் துணிந்தேன் என்று அன்று எண்ணிக்கொண்டதும் உண்டு. பதிவேட்டில் தகப்பன் பெயர் என்ற கட்டம் வந்தது. அவள் பேசாதிருந்தாள். தாய்வழிப் பாட்டனின் பெயரை எழுதிவிடலாமென்று மூப்பர் ஒருவர் கூறினார். பொய் எழுத எனக்கு மனமில்லை. ஆகவே ஒரு கோடு இழுத்தேன். தாய் பெயர் என்றொரு கட்டம் அப்பதிவேட்டில் இருந்தது. ஆனால் வரிசையில் அது இரண்டாவது. சான்றிதழின் நகலில் முதலில் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கோடுதான். தாதிப் பயிற்சிக்கு மனுச்செய்யச் சான்றிதழ் கேட்டுப் பதினெட்டு வயதில் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். "ஐயா, இந்தக் கோடு நீங்க போட்டதா?" என்று மட்டும் கேட்டாள்.

2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், மணமாகாத தாயொருத்தி தன் பிள்ளைக்குத் தானே காப்பாளராக வேண்டினாள். தகப்பன் யாரென்று கூறாததால் கீழ்மன்றங்கள் மறுத்திருந்தன. அவள் தகப்பன் பெயரைக் கூறவேண்டியதில்லை என்றும், பிறப்புச் சான்றிதழுக்குத் தாயின் உறுதிமொழியே போதும் என்றும் நீதிமன்றம் கூறிற்று. அந்தத் தாய் ஒரு கிறிஸ்தவப் பெண். தன் சபையிடம் போகாமல் நீதிமன்றத்துக்குப் போனாள். தத்தம் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து, அதில் எத்தனை கோடுகள் உள்ளன என்றும், முதற் கட்டத்தில் யாருடைய பெயர் கேட்கப்படுகிறது என்றும் ஆயர்கள் பார்த்துவருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த முதற் கட்டத்தின் தலைப்பைப் பெற்றோர் என்று மாற்றி, தாயின் பெயர் மட்டும் எழுதினாலும் நிறைவாகும்படி செய்யலாமென்று ஒரு குழுவில் நான் எழுதிக்கொடுத்தேன். படிவங்கள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன என்று விடை வந்தது. பழைய சபையின் இப்போதைய ஆயரின் இசைவோடு, அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த நகலில் கோட்டின்மேல் அவள் தாயின் பெயரை நானே மையினால் எழுதி ஒப்பமிட்டேன்.